குறும்பும் கூர்மதியும்

நுழையும்முன்

குழந்தைகளுக்கான நூல் என்றதும் அறிவுரைக் கதைகளே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அறிவுரை ஏதும் கூறாமல், குறும்பினாலும் சிரிப்பினாலும் இளம் உள்ளங்களைச் சிந்திக்கச் செய்தவர் வங்க எழுத்தாளர் சுகுமார் ராய். அவர் வாழ்ந்தது முப்பத்தைந்து ஆண்டுகளே. அவர் படைத்த விந்தை உயிரினங்களும் குறும்புச் சிறுவனும் நூறாண்டுகள் கடந்த பின்னும் வங்க இல்லங்களில் உலவி வருகின்றனர். அவருடைய வாழ்வையும் எழுத்தையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

சிரிப்பு விளைந்த இல்லம்

சுகுமார் ராய் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி. தாய் விதுமுகி தேவி. தாய்வழிப் பாட்டனார் துவாரகாநாத் கங்குலி, பெண்கல்விக்காகப் போராடிய சீர்திருத்தவாதி. அவருடைய இரண்டாம் மனைவியான காதம்பினி கங்குலி, இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவர். பழைய வழக்கம் என்பதற்காகவே ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், அதனை வினவிப் பார்க்கும் துணிவு அக்குடும்பத்தில் இயல்பாகவே வேரூன்றியிருந்தது.

உபேந்திரகிசோர் ஓவியர், வயலின் இசைப்பதில் வல்லவர், குழந்தைகளுக்காக இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய வங்க உரைநடையில் எழுதியவர். தம் இராமாயண நூலுக்கு அவர் வரைந்த ஓவியங்கள் மரக்கட்டை அச்சில் உருச்சிதைந்து வெளிவந்தன. அது கண்டு வருந்திய அவர், வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. அயல்நாட்டிலிருந்து நூல்களையும் கருவிகளையும் வரவழைத்துப் படஅச்சுக் கலையைத் தாமே கற்றார். 1895ஆம் ஆண்டில் அதற்கெனத் தொழிற்கூடமும் அமைத்தார். அச்சுமையின் மணமும் வயலின் இசையும் கதைகளும் நிறைந்த அவ்வில்லத்தில், உடன்பிறந்தோர் அறுவருள் ஒருவராகச் சுகுமார் வளர்ந்தார்.

சினத்தைச் சிரிப்பாக்கிய விளையாட்டு

அக்குழந்தைகள் தமக்குள் ஒரு விளையாட்டை வைத்திருந்தனர். யார்மீதேனும் கோபம் வந்து, அவரை எதிர்த்து ஒன்றும் செய்ய இயலாதபோது, அனைவரும் கூடி உட்காருவர். அந்த மனிதர் எத்தகைய வேடிக்கையான இக்கட்டுகளில் எல்லாம் அகப்பட்டுக்கொள்வார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கதை புனைவர். அக்கதைகளில் பகையோ வஞ்சமோ இருத்தல் கூடாது. எவருக்கும் உண்மையான தீங்கு நேர்தலும் கூடாது. கதை வளர வளரச் சிரிப்பு பெருகும். கதை முடியும்போது கோபம் இருந்த இடமே தெரியாது. இவ்விளையாட்டில் முன்னின்றவர் சுகுமார் என்பதை அவருடைய தங்கை புண்யலதா தம் இளமை நினைவுகளில் பதிவுசெய்துள்ளார்.

பிற்காலத்தில் சுகுமார் எழுதியவற்றுக்கெல்லாம் இவ்விளையாட்டே விதை எனலாம். வலியவரின் செருக்கைக் கண்டு எழும் சினத்தை, எவரையும் புண்படுத்தாத சிரிப்பாக மாற்றும் கலையை அவர் ஏட்டுக்கல்வி தொடங்கும் பருவத்திலேயே பழகிக்கொண்டார்.

கல்லூரியும் கழகமும்

சுகுமார் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, 1906ஆம் ஆண்டில் இயற்பியல், வேதியியல் ஆகிய இரு பாடங்களிலும் சிறப்புத் தகுதியுடன் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். அறிவியல் பயின்ற அவ்விளைஞர், நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்துக்கொண்டு ‘நான்சென்ஸ் கிளப்’ என்னும் கழகத்தைத் தொடங்கினார். பொருளற்றவற்றைப் பேசிச் சிரிப்பதற்கென்றே ஒரு கழகம்! அதற்கு ஒரு கையெழுத்து இதழும் இருந்தது. பலவகைப் பண்டங்களைக் கலந்து விற்கும் தெருவோரத் தின்பண்டத்தின் பெயரே அவ்விதழுக்குச் சூட்டப்பட்டது.

கழகத்தினர் நடிப்பதற்காகச் சுகுமார் நாடகங்களும் எழுதினார். அவற்றுள் ஒன்று, போர்க்களத்தில் இலக்குவன் மூர்ச்சையுற்று வீழும் இராமாயணப் பகுதியை நகைச்சுவையாக மாற்றி அமைத்தது. காவிய மாந்தர் அதில் அன்றாட மனிதரைப் போல உண்பதும் உறங்குவதும் சாக்குப்போக்குச் சொல்வதுமாக வருகின்றனர். தந்தை பயபக்தியோடு குழந்தைகளுக்குக் கூறிய அதே காவியத்தை மகன் குறும்போடு அணுகினார். அக்குடும்பத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது.

அச்சுக்கலை நாடிய பயணம்

உதவித்தொகை பெற்று 1911ஆம் ஆண்டில் சுகுமார் இங்கிலாந்து சென்றார். இலண்டனிலும் மான்செஸ்டரிலும் ஒளிப்படக்கலையையும் படஅச்சுத் தொழில்நுட்பத்தையும் கற்றார். ஓர் ஒளிப்படத்தைச் சிறியனவும் பெரியனவுமான எண்ணற்ற புள்ளிகளாகப் பிரித்து அச்சிடுவதே அவர் ஆராய்ந்த முறை. புள்ளிகள் நெருங்கிப் பெருத்த இடம் நிழலாகவும், சிறுத்த இடம் ஒளியாகவும் கண்ணுக்குத் தோன்றும். புள்ளிகளின் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் முழுப்படமும் மங்கிவிடும். இத்துறையில் அவர் எழுதிய கட்டுரைகள் ஆங்கிலத் தொழில்நுட்ப வெளியீடுகளில் இடம்பெற்றன. 1922ஆம் ஆண்டில் அரச ஒளிப்படக் கழகம் அவரைத் தன் உயர்நிலை உறுப்பினராக ஏற்றது.

அவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இரவீந்திரநாத் தாகூரும் அங்கு வந்திருந்தார். தாகூரின் கவிதையுள்ளத்தை ஆங்கிலேயருக்கு விளக்கி, 1913ஆம் ஆண்டில் சுகுமார் இலண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே நிகழ்ந்தது அவ்வுரை. வேடிக்கைப் பாடல்கள் எழுதியவர் ஆழ்ந்த இலக்கியத் திறனாய்வாளராகவும் விளங்கினார் என்பதற்கு அது சான்று.

செய்தியும் இனிப்பும்

1913ஆம் ஆண்டில் உபேந்திரகிசோர் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்னும் பொருளும் உண்டு. பாலிலிருந்து செய்யப்படும் புகழ்பெற்ற இனிப்பு என்னும் பொருளும் உண்டு. அறிவும் சுவையும் ஒருங்கே தரும் இதழுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பிய சுகுமார், சுப்ரபா தேவியை மணந்து, தந்தையின் பணியில் துணைநின்றார். 1915ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை மறைந்தார். அச்சகமும் பதிப்பகமும் இதழும் மகனின் தோளில் இறங்கின.

இதழுக்கு வேண்டிய கதை, பாடல், புதிர் ஆகியவற்றோடு அறிவியல் கட்டுரைகளையும் சுகுமார் எழுதினார். சாக்ரடீஸ், கலிலியோ, டார்வின் முதலிய அறிஞர்களின் வரலாறுகளையும் எழுதினார். படங்களும் அவர் கைவண்ணமே. எழுதியவரே வரைந்து, வரைந்தவரே அச்சு நுட்பத்தையும் மேற்பார்வையிட்டதால், அவர் மனத்தில் தோன்றிய உருவம் சிதையாமல் குழந்தையின் கையைச் சென்றடைந்தது.

இப்பணிகளுக்கிடையே திங்கட்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டி இலக்கியமும் அறிவியலும் பேசினார். பின்னாளில் புள்ளியியல் மேதையாகப் புகழ்பெற்ற மகலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனிதிகுமார் சாட்டர்ஜி ஆகியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். பேச்சோடு விருந்தும் சிறப்பாக நடந்ததால், கிழமையின் பெயரைச் சற்றே திரித்து, ‘மண்டா’ என்னும் இனிப்பின் பெயரால் அவ்வமைப்பை நண்பர்கள் அழைத்தனர். கூட்டத்திற்கான அழைப்பிதழ்களையும் சுகுமார் வேடிக்கைச் செய்யுளாகவே எழுதி அனுப்பினார்.

கிறுக்கன் என்னும் கேடயம்

சந்தேஷ் இதழில் சுகுமார் உலவவிட்ட பள்ளிச் சிறுவன் ‘பாக்லா தாசு’. ‘கிறுக்கன் தாசு’ என்பது அப்பெயரின் பொருள். மெலிந்த உடல், பெரிய தலை, உருண்டு விழிக்கும் கண்கள், கலைந்த முடி. பார்த்தவுடன் எவரும் இவனைப் பேதை என்றே எண்ணுவர். அவன் செய்யும் குறும்புகளோ கணக்குப் போட்டதுபோல் பிசகாமல் நிகழ்பவை.

ஒருநாள் தாசு ஒரு பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, பெரும் புதையலைப் போலக் காக்கிறான். ஆவலை அடக்கமாட்டாத மாணவர்கள் அவன் இல்லாத நேரம் பார்த்து அதனைத் திறக்கின்றனர். பொதிக்குள் பொதியாகப் பிரித்துக்கொண்டே போனவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது, அவர்களுடைய அடக்கமற்ற ஆவலைக் கேலிசெய்யும் ஒரு சிறு தாள். பாடத்தில் ஐயம் கேட்ட தாசுவைச் செருக்கோடு விரட்டுகிறான் வகுப்பின் நன்மாணவன் ஒருவன். சில நாளில் ஆசிரியர் இலக்கண நூலைக் கேட்க, அவன் பெருமிதத்தோடு எடுத்து நீட்டும் நூல் துப்பறியும் நாடகமாக இருக்கிறது!

மற்றொரு கதையில், மாணவன் ஒருவன் இனிப்புப் பானை கொண்டுவந்து எல்லாருக்கும் வழங்குகிறான். தாசுவுக்கு மட்டும் தர அவனுக்கு மனமில்லை. தன் பண்டத்தைத் தான் விரும்பியவாறு செய்யலாம் என்பது அவன் வாதம். பின்னர், ஆசிரியர் உறங்கிக்கொண்டிருக்கும் வகுப்பில், காலியான அதே பானைக்குள் பட்டாசு வெடிக்கிறது. விசாரணையின்போது தாசு அஞ்சவில்லை. பட்டாசு தன்னுடையது, அதனைத் தான் விரும்பியவாறு செய்யலாம் அல்லவா என்று கேட்கிறான். தர மனமில்லாதவனின் வாதத்தையே திருப்பித் தந்த அவ்விடைக்கு எவரிடமும் மறுமொழி இல்லை.

இக்கதைகளில் தாசுவிடம் தோற்பவர் யாவர் என்று கூர்ந்து பார்த்தல் வேண்டும். தன் படிப்பில் செருக்குடையவன், பிறர் பொருளில் ஆவல் கொண்டவன், பகிர்ந்துண்ண மனமில்லாதவன், வகுப்பில் உறங்கிய ஆசிரியர் ஆகியோரே அவர்கள். தன்னினும் எளியவனைத் தாசு கேலிசெய்வதில்லை. ஊரார் இட்ட கிறுக்கன் என்னும் பெயரை அவன் மறுப்பதுமில்லை. தண்டனையிலிருந்து தப்பும் கேடயமாக அதனையே பயன்படுத்திக்கொள்கிறான்.

வரிசை குலைந்த எழுத்துகள்

சுகுமாரின் உரைநடைப் புனைவுகளுள் தலைசிறந்தது ‘ஹஜபரல’. நெடுங்கணக்கில் ஒழுங்காக நிற்கும் எழுத்துகள் சில இடம்மாறி நிற்பதே இத்தலைப்பு. தாறுமாறு, குழப்பம் என்பது இதன் பொருள். வெயிலில் களைத்துக் கிடக்கும் ஒரு சிறுவன் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போகிறான். அது பூனையாகிக் கத்துகிறது. அதிலிருந்து கதை விரிகிறது.

அங்கே ஒரு காகம் சிலேட்டில் கணக்குப் போடுகிறது. எந்தப் பெருக்கலின் விடையும் உரிய நொடியில் எழுதினால்தான் சரி. நொடி தவறினால் விடையும் மாறிவிடும் என்பது அதன் கொள்கை. நாற்பது வயது நிறைந்ததும் வயதைக் குறைத்து எண்ணத் தொடங்கும் முதியவர் வருகிறார்; அவ்வாறு செய்தால் மூப்பே நேராது அல்லவா? இறுதியில் ஒரு நீதிமன்றம். நீதிபதியான ஆந்தை கண்ணை மூடி அமர்ந்திருக்கிறது. வழக்கறிஞரான முதலை கண்ணீர் வடிக்கிறது. சாட்சிகளுக்குக் காசு கொடுக்கப்படுகிறது. குற்றவாளிக்கும் காசு கிடைக்கும் என்று நம்பிய ஒருவன், குற்றவாளியாக நிற்க மகிழ்வுடன் உடன்படுகிறான், தண்டனையும் பெறுகிறான்.

சிறுவர்கள் இதனைப் படித்துச் சிரித்தனர். அயலார் ஆட்சியின் நீதிமன்றங்களை அறிந்திருந்த பெரியோர் இதனைப் படித்து வேறொரு சிரிப்புச் சிரித்தனர். பொருளற்றதுபோல் தோன்றும் இவ்வுலகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. அவ்விதி கடைசிவரை பிறழாமல் பின்பற்றப்படும். அறிவியலும் அச்சு நுட்பமும் பயின்ற மனத்தின் ஒழுங்கு, அவருடைய குறும்பிலும் மாறாமல் இருந்தது.

ஆபோல் தாபோல்

சுகுமாரின் பெயரை நிலைநிறுத்திய பாடல் தொகுப்பு ‘ஆபோல் தாபோல்’. வாய்க்கு வந்ததைப் பிதற்றுதல் என்று இத்தலைப்புக்குப் பொருள் கூறலாம். இதில் வாத்தும் முள்ளம்பன்றியும் இணைந்து ஓருயிர் ஆகின்றன. யானையும் திமிங்கிலமும் ஒன்றாகின்றன. அவ்விரு விலங்குகளின் பெயர்களையும் பாதி பாதியாக ஒட்டவைத்தே புதிய உயிரின் பெயரையும் அமைக்கிறார் கவிஞர். பெயரைக் கேட்கும்போதே உருவம் கண்முன் நிற்கும். அருகிலேயே அவர் வரைந்த படமும் இருக்கும்.

அமைதியான அலுவலகத் தலைமை எழுத்தர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, தம் மீசை களவுபோய்விட்டது என்று கூவுகிறார். கண்ணாடியில் தம் மீசையைக் கண்ட பின்னும் அதனைத் தம்முடையது என்று ஒப்புக்கொள்ள மறுத்து, ஊழியர்மீது பாய்கிறார். மற்றொரு பாடலில், சிரிப்பதையே குற்றமாகக் கருதி, யாரேனும் சிரிக்கிறார்களோ என்று எப்போதும் அஞ்சி வாழும் பறவைக் குஞ்சுகள் வருகின்றன. இன்னொரு பாடல் விந்தையான சட்டங்கள் நிலவும் நாட்டைப் பற்றியது. அங்கே வழுக்கி விழுந்தவரைக் காவலர் பிடித்துச் செல்வர். தும்முவதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். மீசை முளைத்தால் வரி. கவிதை எழுதுவோரைக் கூண்டில் அடைத்து மளிகைக் கடைக் கணக்கெழுத வைப்பர். அடிமை நாட்டில் வாழ்ந்த வாசகர்களுக்கு அந்த நாடு எதுவென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

(தெரிந்து தெளிவோம்: வழக்கமான பொருள்தொடர்பை வேண்டுமென்றே குலைத்து, ஓசையாலும் கற்பனையாலும் நகைச்சுவையை விளைவிக்கும் எழுத்தினை ஆங்கிலத்தில் ‘நான்சென்ஸ்’ இலக்கியம் என்பர். எட்வர்டு லியர், லூயிஸ் கரோல் ஆகியோர் இவ்வகையில் புகழ்பெற்றவர்கள். வங்கமொழியில் இவ்வகையைத் தனித்தன்மையோடு வளர்த்தவர் சுகுமார் ராய்.)

நோய்ப்படுக்கையில் நகை

1921ஆம் ஆண்டு மே மாதம் சுகுமார்–சுப்ரபா இணையருக்குச் சத்யஜித் என்னும் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே சுகுமாரைக் கருங்காய்ச்சல் பற்றியது. மணல் ஈயினால் பரவும் அந்நோய் அந்நாளில் வங்கத்தில் எண்ணற்றோரைப் பலிகொண்டது. அதற்கான நல்ல மருந்து எளிதில் எவருக்கும் கிட்டும் நிலை இன்னும் வரவில்லை. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உடலை உருக்கியது.

தமக்கு நேரவிருப்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. படுக்கையில் இருந்தவாறே சந்தேஷ் இதழைக் கவனித்தார், கதைகளும் பாடல்களும் எழுதினார், படங்கள் வரைந்தார். ‘ஹஜபரல’ இந்நோய்க்காலத்தில் இதழில் வெளிவந்தது. ‘ஆபோல் தாபோல்’ பாடல்களைத் தொகுத்து, நூலின் பக்க அமைப்பையும் ஓவியங்களையும் செப்பம் செய்தார். நோயின் துன்பத்தைப் பற்றிய புலம்பல் ஒன்றும் அந்நூலில் இல்லை. தொகுப்பின் இறுதிப் பாடலில் மட்டும், உறக்கம் நெருங்குவதையும் தம் பாட்டு நிறைவுறுவதையும் மெல்லக் குறிப்பிட்டு விடைபெறுகிறார். வழக்கம்போல் அப்பாடலிலும் விந்தைக் காட்சிகள் துள்ளுகின்றன.

தாகூர் அவரைக் காண வந்தார். நோயுற்ற இளைய நண்பர் விரும்பிக் கேட்ட பாடல்களை அவர் படுக்கையருகே அமர்ந்து பாடினார். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் சுகுமார் ராய் மறைந்தார். ஒன்பது நாள்கள் கழித்து, செப்டம்பர் 19ஆம் நாள், ‘ஆபோல் தாபோல்’ வெளிவந்தது. எழுத்தும் ஓவியமும் அமைப்பும் தம்முடையதாகவே உருவான அந்நூலை முழுவடிவில் காண அவருக்கு வாய்க்கவில்லை.

தலைமுறை கடந்த சிரிப்பு

அவர் மறைவுக்குப் பின் குடும்பத் தொழில் நொடித்தது; அச்சகமும் இல்லமும் கைவிட்டுப் போயின. தந்தையை இழந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயதும் நிறையவில்லை. சுப்ரபா தேவி உறவினர் இல்லத்தில் தங்கி மகனை வளர்த்தார். தந்தையின் முகத்தைவிட, அவர் விட்டுச்சென்ற பாடல்களையும் படங்களையுமே அம்மகன் நன்கு அறிந்திருந்தான். பின்னாளில் உலகம் போற்றும் திரைப்பட இயக்குநராக உயர்ந்த சத்யஜித் ராய், 1961ஆம் ஆண்டில் சந்தேஷ் இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். தந்தையின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1987ஆம் ஆண்டு, தந்தையின் நூற்றாண்டில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். இதழ்களில் சிதறிக் கிடந்த தாசுவின் கதைகள் 1940ஆம் ஆண்டில் தாகூரின் முன்னுரையோடு நூல்வடிவம் பெற்றன.

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தனர் நம் முன்னோர். நகை பிறரைத் தாழ்த்தவும் பயன்படும். தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டோரின் செருக்கை நீக்கவும் பயன்படும். சுகுமார் ராய் இரண்டாவதையே வாழ்நாள் முழுவதும் தேர்ந்தெடுத்தார். கோபம் வந்தால் கூடி அமர்ந்து தீங்கற்ற கதை புனைந்த சிறுவன், இறப்பு அருகில் வந்தபோதும் அவ்வழியிலிருந்து விலகவில்லை. அவர் வரைந்த யானைத் திமிங்கிலத்தைக் கண்டு இன்றும் ஒரு குழந்தை சிரிக்கிறது. அந்தச் சட்டங்களின் நாட்டைப் படித்துவிட்டு, தன்னைச் சூழ்ந்துள்ள விதிகளைச் சற்றே நிமிர்ந்து பார்க்கிறது.

கற்பவை கற்றபின்

1. இரண்டு விலங்குகளின் பெயர்களை இணைத்துப் புதிய உயிரினம் ஒன்றனைப் படைக்க. அதன் உருவத்தை வரைந்து, அதன் இயல்பைப் பத்து வரிகளில் எழுதுக.
2. பிறரைப் புண்படுத்தும் கேலிக்கும், சிந்திக்கத் தூண்டும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டினைத் தாசுவின் செயல்களைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் பள்ளியை நிகழ்களமாகக் கொண்டு, குறும்புச் சிறுமி அல்லது சிறுவன் ஒருவரைப் படைத்துச் சிறுகதை ஒன்று எழுதுக. கதையில் எவருக்கும் தீங்கு நேராதவாறு பார்த்துக்கொள்க.